லாகவுலின் பீப்பாய் பார்லி ஒயின்: பீரோவில் வைத்ததும் மலையில் வைத்ததும்

வைகைக்கரையான் (செல்லூர்)

ஒரே வருஷத்து லேபிள், ஒரே பெட்டியில் வந்த இரண்டு பாட்டில். ஒன்று செல்லூரில் என் வீட்டு பீரோவில், அப்பாவின் பட்டு வேட்டிகளுக்குப் பின்னால் நின்றது. இன்னொன்று கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் நம் அண்ணன் வீட்டுச் சாமான் அறையில். வேண்டுமென்றேதான் இப்படிப் பிரித்து வைத்தோம். ஏழெட்டு வருஷம் போயாச்சு. போன சனிக்கிழமை ராத்திரி ஏசி அறையில் இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்துத் திறந்தோம்.

சரக்கு: ஜே.டபிள்யூ. லீஸ் ஹார்வெஸ்ட் ஏல், லாகவுலின் விஸ்கிப் பீப்பாயில் ஊறியது. பார்லி ஒயின் என்பது பேரில்தான் ஒயின், உண்மையில் ஆல்கஹால் அதிகமுள்ள கெட்டியான பீர். 275 மில்லி, 11.5 சதவீதம். மான்செஸ்டர் தம்பி கொண்டுவந்து கொடுத்தது. லீஸ் 1828-லிருந்து மான்செஸ்டர் பக்கம் பீர் காய்ச்சும் குடும்பக் கம்பெனி. இந்த ஹார்வெஸ்ட் ஏலை 1986-லிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை, அந்த வருஷத்துப் புது பார்லியையும் புது ஹாப்ஸையும் (பீருக்குக் கசப்பு தரும் பூ) வைத்துக் காய்ச்சுகிறார்கள். அதில் கொஞ்சத்தை ஷெர்ரி, போர்ட், கால்வடோஸ், லாகவுலின் என்று ஏற்கெனவே வேறு சரக்கு இருந்த பீப்பாய்களில் வைத்திருந்து தனியாக பாட்டிலில் அடைப்பதும் உண்டு.

வெளியில் பார்த்தால் மலைப் பாட்டில் பரிதாபம். லேபிளில் பூஞ்சை, மூடி ஓரத்தில் துரு. பீரோ பாட்டிலோ நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி பளபளப்பு. ஓப்பனரை வைத்ததும் கதை மாறிவிட்டது. துருப்பிடித்த மூடியிலிருந்து மெலிதாக 'ஸ்' என்று காற்று வந்தது. பளபள மூடியிலிருந்து ஒன்றுமே இல்லை.

நிறம்: செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தோம். மலைப் பாட்டில் தெளிவான செம்பழுப்பு. கிளாஸ் ஓரத்தில் கொஞ்ச நேரம் நுரை வளையம் நின்றது. பீரோ பாட்டில் அதைவிட இரண்டு மடங்கு கறுப்பு, நுரை கிடையாது, உள்ளே செதில் செதிலாக ஏதோ மிதந்தது. இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தும் அடியில் படியவில்லை.

மலைப் பாட்டில் வாசனையில் முதலில் பேரீச்சம்பழம், காய்ந்த அத்தி, கருப்பட்டிப் பாகு. சொல்லப்போனால் பழனி பஞ்சாமிர்தத்தைத் திறந்ததும் வரும் வாசனை. அதற்குப் பின்னால் லாகவுலினின் புகையும் டிஞ்சர் அயோடின் நெடியும். வாயில் வைத்ததும் கெட்டியான இனிப்பு, நடுவில் வறுத்த பாதாம், கடைசியில் லேசான உப்பும் புகையும். கசப்பு பெரும்பாலும் போய்விட்டது. இருந்தாலும் இனிப்பைத் திகட்டவிடாமல் பிடித்து நிறுத்தும் அளவுக்கு மிச்சம் இருந்தது. விழுங்கி முடித்து நாலைந்து நிமிஷம் கழித்தும் நாக்கில் புகை இருந்தது.

பீரோ பாட்டில்: கிளாஸை மூக்குக்கு அருகில் கொண்டுபோனதுமே வறுத்த வெந்தயம்! அப்புறம் சோயா சாஸ், பழைய வால்நட். பேரீச்சை, அத்தி எதுவும் இல்லை. புகை மட்டும் அப்படியே இருக்கிறது. குடித்தால் முதல் வாய் வெறும் சர்க்கரைப் பாகு, நடுவில் ஒன்றுமில்லை, கடைசியில் ஆல்கஹால் சூடும் மரத்தின் துவர்ப்பும். முன்னாலும் பின்னாலும் ஆள் இருக்கிறார்கள், நடுவில் இருந்த கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது.

என் தீர்ப்பு: மதுரையில் பீரோவில், பரணில், கட்டிலுக்கு அடியில் வைத்து 'ஊற வைக்கிறேன்' என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. குளிர்ந்த இடம் இல்லையென்றால் வந்த வருஷமே குடித்துவிடுங்கள்.

சோடாக்கடை (மாட்டுத்தாவணி)

275 மில்லிக்கு இவ்வளவு எழுத்தா அண்ணே! எங்க பக்கம் ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டு 'பரவாயில்லை' என்று ஒரே வார்த்தையில் விமர்சனத்தை முடித்துவிடுவார்கள்.

கிண்டல் இருக்கட்டும், ஒரு சந்தேகம். நம் கடை பீர் பாட்டிலில் ஆறு மாதத்துக்குள் குடி என்று போட்டிருக்கிறான். தேதி தாண்டியதை ஒரு தடவை குடித்து வாய் அட்டைப்பெட்டியாகிவிட்டது. இதை மட்டும் எப்படி வருஷக்கணக்கில் வைக்கிறீர்கள்? பீர்தானே இதுவும்?

மான்செஸ்டர் தம்பி

பீர்தான், திராட்சை கிடையாது. ஆனால் நம் கடை லாகர் 5-லிருந்து 8 சதவீதத்துக்குள் இருக்கும், லேசான உடம்பு, ஃபிரெஷ்ஷாகக் குடிப்பதற்காகவே செய்தது. பார்லி ஒயினில் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, இரண்டு மூன்று மடங்கு கொட்டுகிறார்கள். ஆல்கஹாலும் ஜாஸ்தி, புளிக்காமல் தங்கும் சர்க்கரையும் ஜாஸ்தி, ஹாப்ஸும் ஜாஸ்தி. கிருமி வளர இடம் கொடுக்காது. பழசாவதால் வரும் அட்டைப்பெட்டி வாடையை மற்ற வாசனைகள் மூடிவிடும். புதுசாகக் குடித்தால்தான் சில சமயம் முரட்டுத்தனமாக இருக்கும்.

எவ்வளவு வருஷம் தாங்கும் என்பதற்கு ஒரு உதாரணம். பர்ட்டன்-ஆன்-ட்ரென்ட் ஊரில் பாஸ் கம்பெனி 1869-ல் ராட்க்ளிஃப் ஏல் என்று ஒன்று காய்ச்சியது, கம்பெனியில் பங்குள்ள குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்காக. 2006-ல் அந்த ஊர் நிலவறையில் பழைய பாட்டில்கள் குவியலாக அகப்பட்டபோது அதில் இந்த 1869 சரக்கும் இருந்தது. திறந்து குடித்தவர்கள் குடிக்கிற நிலையில்தான் இருக்கிறது என்றார்கள். ஆனால் அது இங்கிலாந்து நிலவறை. வருஷம் பூரா பன்னிரண்டு, பதிமூன்று டிகிரி.

கொண்டுவருவது பற்றி இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு: வெளிநாட்டிலிருந்து வரும்போது ஆளுக்கு 2 லிட்டர் மதுவுக்குத்தான் சுங்க விலக்கு. அதனால்தான் சின்ன பாட்டிலாகப் பார்த்து வாங்குகிறேன். இந்தியாவில் ஸ்ட்ராங் பீருக்கே 8 சதவீதம்தான் உச்ச வரம்பு, அதனால் 11.5 சதவீத பீரை உள்ளூர்க் கடையில் தேடி அலைய வேண்டாம்.

தெப்பக்குளத்து அக்கா

வைகைக்கரை தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க, ஆனால் ஒன்று. சாமி பிரசாதத்தைக் கொண்டுபோய் சரக்கோடு சேர்க்க வேண்டாமே. படித்ததும் என்னமோ மாதிரி ஆகிவிட்டது.

வைகைக்கரையான்

அக்கா, வாசனையைத்தான் சொன்னேன், பக்கத்தில் வைத்துச் சாப்பிடவில்லை. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை, ஏலக்காய் எல்லாம் ஒன்றாகப் பிசைந்தால் வரும் வாசனைக்கு நம் ஊரில் வேறு பேர் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் உங்களுக்காக, 'அத்திப்பழ ஜாம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெருமாள்மலை

சனிக்கிழமை கூட இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பி எழுதியதில் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் என் சாமான் அறை விவரம், நிறையப் பேர் கேட்டீர்கள். வடக்குச் சுவர், ஜன்னல் கிடையாது, கல் கட்டடம். தெர்மாமீட்டர் மாட்டியிருக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் 12-க்குப் பக்கத்தில் இருக்கும், ஏப்ரல், மே-யில் 18 தாண்டினால் அதிசயம். கரண்ட் போனாலும் எனக்குக் கவலையில்லை. ஈரம்தான் தொல்லை. லேபிள் நாசமாகும், மூடி துருப்பிடிக்கும். அதனால் இப்போதெல்லாம் பாட்டிலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கிறேன். எலி லேபிளின் பசையைக் கொறித்த சம்பவமும் உண்டு, அது தனிக் கதை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். மலைப் பாட்டில் அருமை, மறுக்கவில்லை. ஆனால் அதில் புகை இன்னும் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது, இன்னும் நாலு வருஷம் விட்டிருக்க வேண்டும். பீரோ பாட்டிலில் அந்த வெந்தய வாசனையும் புகையும் சேர்ந்து வேறொரு ருசி. தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டான். மிச்சத்தை நான்தான் குடித்தேன், வருத்தப்பட்டுக் குடிக்கவில்லை. கிளாஸில் அரை மணி நேரம் கிடந்த பிறகு அந்த சோயா சாஸ் வாடையும் குறைந்தது. 'வேலைக்கு ஆகாது' என்பதெல்லாம் அவசரத் தீர்ப்பு.

வைகைக்கரையான்

அண்ணே, நீங்கள் குடித்ததைப் பார்த்தேன். கூடவே கடலையைக் கைநிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டு குடித்ததையும் பார்த்தேன்.

ஆய்வுக்கூடம் (திருநகர்)

வெந்தயம் என்று படித்ததும் உட்கார்ந்து எழுத வேண்டியதாகிவிட்டது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன் நான், கொஞ்சம் நீளும்.

வெந்தயத்துக்கு அந்த வாசனையைத் தருவது சோட்டலான் என்ற பொருள். இதே சோட்டலான் பழைய ஷெர்ரியிலும் மடெய்ரா ஒயினிலும் இருக்கிறது. பழசான பீரிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். மிகக் குறைந்த அளவில் இருந்தால் மூக்குக்குக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு மாதிரி தெரியும், அளவு கூடினால் வெந்தயம், மசாலா. நிறைய ஆக்சிஜனும் சூடும் கிடைத்தால் வேகமாக உருவாகும். ஆக வைகைக்கரையாரின் மூக்கு பொய் சொல்லவில்லை. மலைப் பாட்டிலில் அவர் கருப்பட்டி என்று எழுதியதில்கூட இதன் பங்கு கொஞ்சம் இருக்கலாம்.

அடுத்தது சூட்டின் கணக்கு. பத்து டிகிரி கூடினால் வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கொடைக்கானல் அறை சராசரி 15, செல்லூர் பீரோ சராசரி 30 என்று வைத்தால் செல்லூரில் வேகம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. பீர் வியாபாரத்தில் இதைவிடப் பயமுறுத்தும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீரை ஒரே அளவுக்குப் பழசாக்கும் என்பார்கள். அது சாதாரண பீருக்குச் சொன்னது, பார்லி ஒயினுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த 32 டிகிரி நம் சமையலறை, பங்குனி சித்திரையில் நம் படுக்கையறை.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 'மூன்று மடங்கு வேகம் என்றால் செல்லூரில் ஏழு வருஷம் வைத்தது மலையில் இருபது வருஷம் வைத்ததற்குச் சமம், நேரம் மிச்சம்' என்று கணக்குப் போடக் கூடாது. பாட்டிலுக்குள் நூறு வினைகள் நடக்கின்றன, சூட்டுக்கு எல்லாம் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. பழ வாசனை தரும் எஸ்டர்களில் சில சிதையும். கசப்பு தரும் ஹாப்ஸ் அமிலங்கள் உடையும். சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நிறத்தைக் கறுப்பாக்கும், சோயா சாஸ் பக்கம் இழுக்கும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் மாதிரியான அடைப்பு சூட்டில் விரிந்து சுருங்கி வாயுவை வெளியே விடும், ஆக்சிஜனை உள்ளே விடும். அந்த 'ஸ்' சத்தம் வராததற்குக் காரணம் அநேகமாக அதுதான். ஆகவே செல்லூர் பாட்டில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு மலைப் பாட்டில் இருபது வருஷத்தில் போய்ச் சேரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

புகை மட்டும் ஏன் அப்படியே இருந்தது? லாகவுலின் விஸ்கி வரும் ஐலா தீவில் பீட் என்ற கரிமண்ணை எரித்து அந்தப் புகையில் மால்ட்டைக் காயவைக்கிறார்கள். அதிலிருந்து வரும் ஃபீனால்கள் விஸ்கிக்குள் போய், விஸ்கியிலிருந்து பீப்பாய் மரத்துக்குள் போய், அங்கிருந்து பீருக்கு வருகின்றன. அவை சுலபத்தில் அழியும் ஆசாமிகள் இல்லை. பெருமாள்மலை அண்ணன் இன்னும் நாலு வருஷம் வைத்தால் புகை அடங்கும் என்கிறார். அடங்குவது சந்தேகம்தான்.

ரயில்வே காலனி

நான் ஓய்வு பெற்றவன், குடிப்பதை டாக்டர் நிறுத்திப் பல காலம் ஆகிறது, படிப்பதை இன்னும் நிறுத்தவில்லை. ஒரு கேள்வி. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பீர் கப்பலில்தானே வந்தது? லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் கம்பெனி பீர், 1820-களில் பர்ட்டனிலிருந்து ஆல்சாப் கம்பெனி பீர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி. அந்தச் சூட்டில் பீர் பக்குவமாகி வந்தது என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். மடெய்ரா ஒயினும் கப்பல் சூட்டில்தான் பேர் வாங்கியது. செல்லூர் வெயில் மட்டும் என்ன பாவம் செய்தது?

சோடாக்கடை

ஐயா கேட்டாரே ஒரு கேள்வி! செல்லூர் வெயிலுக்கு நானும் ஒரு ஓட்டு.

ஆய்வுக்கூடம்

ஐயா, மடெய்ராவை இன்றைக்கும் சூடுபடுத்தித்தான் செய்கிறார்கள். சாதாரண ரகத்தைத் தொட்டியில் 45-லிருந்து 50 டிகிரியில் குறைந்தது மூன்று மாதம் வைப்பார்கள். ஆனால் அதில் திராட்சைச் சாராயம் கலந்து ஆல்கஹாலை 19 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஏற்றியிருப்பார்கள், புளிப்பும் அதிகம். அந்தப் புளிப்புதான் வெந்தயத்தையும் கருகிய சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிறது. பார்லி ஒயினில் அந்த அளவு புளிப்பு கிடையாது. பெருமாள்மலை அண்ணன் கடலையோடு குடித்தால் நன்றாக இருந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும், உப்பு அந்த வேலையைக் கொஞ்சம் செய்திருக்கிறது.

கப்பல் பீர் பெரிய பீப்பாயில், கப்பலின் அடித்தளத்தில், நாலைந்து மாதம் வந்தது. ஹாப்ஸை வாரிப் போட்டுக் காய்ச்சியது. ஏழெட்டு சித்திரையை இரும்பு பீரோவில் கழிக்கவில்லை.

ரயில்வே காலனி

சரி, செல்லூருக்கு அப்பீல் இல்லை என்று தெரிகிறது.

தெப்பக்குளத்து அக்கா

கூடச் சாப்பிடுவதைப் பற்றி நானும் சொல்கிறேன். எங்க வீட்டுக்காரர் அமெரிக்காவிலிருந்து சியரா நெவாடா பிக்ஃபுட் கொண்டுவந்தார், அதுவும் பார்லி ஒயின்தான், பீப்பாயில் வைக்காதது, கசப்பு ஜாஸ்தி. முதலில் மட்டன் சுக்காவோடு வைத்தோம், சரிப்படவில்லை. மிளகுக் காரமும் அந்த ஆல்கஹாலும் சேர்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டது. கறி தோசையும் அப்படித்தான். இங்கிலாந்தில் நீலப் பூசணம் பூத்த ஸ்டில்டன் சீஸோடு சாப்பிடுவார்களாம். நமக்குக் கொடைக்கானல் பக்கம் செய்யும் முற்றிய சீஸ் போதும். அதைவிட எனக்குப் பிடித்தது கோவில்பட்டி கடலைமிட்டாய். வறுத்த கடலை, வெல்லப்பாகு, இந்த பீரில் இருக்கும் அதே ருசி. ஒரு கடி, ஒரு சின்ன வாய், அவ்வளவுதான். எதைச் செய்தாலும் ஜிகர்தண்டா குடித்த வயிற்றில் இதை ஊற்றாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

சோடாக்கடை

அக்கா, பிரசாதம் கூடாது, கடலைமிட்டாய் ஓகே. குறித்துக்கொண்டேன்.

கல்யாணப்பரிசு (உசிலம்பட்டி)

வணக்கம், புது உறுப்பினர். எனக்குக் கல்யாணத்துக்கு நண்பன் ஒருவன் பரிசாகக் கொடுத்த பாட்டில் ஒன்று மூன்று வருஷமாக பீரோவில் கிடக்கிறது. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் பீப்பாயில் வைத்த பார்லி ஒயின், 13 சதவீதம் என்று போட்டிருக்கிறது, மூடி மேல் மெழுகு பூசியிருக்கிறது. இந்த இழையைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. வைன் பிரிட்ஜ் வாங்க வசதியில்லை. வீட்டு பிரிட்ஜில் வைத்தால் கெட்டுவிடுமா? இப்போதே குடித்துவிடவா, ஐந்தாம் கல்யாண நாளுக்கு வைக்கவா?

மான்செஸ்டர் தம்பி

வாழ்த்துகள் நண்பரே. மெழுகு பூசியிருப்பது நல்லது, மூடி வழியாகக் காற்று புகுவதைக் கொஞ்சம் தடுத்திருக்கும். போர்பனை அமெரிக்கச் சட்டப்படி உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். அதனால் ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய் ஏராளமாக வெளியே வருகிறது, பீர் காய்ச்சுபவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அதிலிருந்து வரும் வெனிலாவும் தேங்காய் வாசனையும் முதல் சில வருஷத்தில்தான் எடுப்பாக இருக்கும். என்னைக் கேட்டால் ஐந்தாம் வருஷத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

வைகைக்கரையான்

தம்பி, வீட்டு பிரிட்ஜே போதும். 4 டிகிரியில் பழசாவது கிட்டத்தட்ட நின்றுவிடும், பீர் கொஞ்சம் கலங்கித் தெரியலாம், வெளியே எடுத்தால் தெளிந்துவிடும், கெடுதல் இல்லை. கதவில் வைக்காமல் பின்பக்கம், நிமிர்த்தி வையுங்கள். ஒயின் பாட்டில் மாதிரி படுக்கப் போட வேண்டாம், இதற்கு அவசியமில்லை, வண்டல்தான் கலங்கும். பிரிட்ஜ் விளக்கைப் பற்றிப் பயப்படாதீர்கள், கதவைச் சாத்தினால் அணைந்துவிடும். வெயிலும் டியூப்லைட்டும்தான் படக் கூடாது, ஹாப்ஸில் வெளிச்சம் பட்டால் நாற்றமடிக்கும்.

எப்போது திறப்பது என்றால், இந்த மார்கழிக்குள். திறக்கிற அன்று முக்கால் மணி நேரம் முன்னால் பிரிட்ஜிலிருந்து எடுங்கள். சித்திரையாக இருந்தால் கால் மணி நேரமே போதும், நம் ஊர்க் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மெழுகை உடைக்கிறேன் என்று தட்டாதீர்கள், தூள் பீரில் விழும். மூடிக்குக் கீழே கத்தியால் சுற்றிக் கீறிவிட்டு ஓப்பனரைப் போட்டால் மெழுகோடு சேர்ந்து வந்துவிடும். வாய் குறுகின, வயிறு அகன்ற கிளாஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சின்ன டம்ளர், பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். 13 சதவீதம் என்பது நம் கடை ஸ்ட்ராங் பீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். இரண்டு பேருக்கு ஒரு பாட்டில் தாராளம். ஊருக்கு வெளியே எங்கேயும் போய்த் திறக்காதீர்கள், வீட்டிலேயே திறங்கள், அப்புறம் வண்டியை எடுக்காதீர்கள்.

வெந்தயம் வருகிறதா என்று மட்டும் இங்கே வந்து எழுதுங்கள்.

பெருமாள்மலை

உசிலம்பட்டியிலிருந்து என் வீடு தூரமில்லை தம்பி. அடுத்த பாட்டில் யாராவது கொடுத்தால் வத்தலக்குண்டு வழியாக மலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அறையில் இடம் இருக்கிறது. வாடகையாக எனக்குப் பாதி பாட்டில்.

சோடாக்கடை

எலிக்கு எவ்வளவு அண்ணே?